பேஸ் கேட்கவில்லை என்றால் பேஸ் குமிழைக் கூட்டாதீர்கள்

பேஸ் கிட்டார் வாங்கிய புதிதில் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நெஞ்சு அதிர்கிறது, நான்கு பேரோடு சேர்ந்து வாசித்தால் பேஸ் காணாமல் போய்விடுகிறது. பெங்களூர் கோரமங்களாவில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து எடுக்கும் ஜாம் ரூமாக இருக்கட்டும், ஆடி மாதம் அல்சூர் பக்கம் அம்மன் கோயில் தெருவில் போடும் ஆர்கெஸ்ட்ரா மேடையாக இருக்கட்டும், பாட்டு நடுவே யாராவது திரும்பிப் பார்த்து, “அண்ணா, பேஸே கேக்கல” என்பார்கள். உடனே கை, ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) பேஸ் என்று எழுதியிருக்கும் குமிழுக்குப் போகும். அதைக் கூட்டியதும் அறை முழுக்க ஒரு உறுமல் நிரம்பும். எந்தச் சுரத்தை வாசிக்கிறோம் என்பது மட்டும் முன்பு தெரிந்த அளவுக்குக்கூடத் தெரியாது.

சுரம் காதில் விழாததற்கும் அந்தக் குமிழுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்தத் தந்தி, எந்த பிக்கப் (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), எவ்வளவு வாட்ஸ் ஆம்ப், முதலில் எதற்குப் பணம் செலவழிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் வழி தெரிந்துவிடும். அதனால் கருவிகளுக்குப் போகும் முன் தந்தியைப் பார்ப்போம்.

நான்கு தந்தி பேஸில் தடித்த தந்தி ஈ. எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு 41 தடவை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்த ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98. சாதாரண கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸ் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ஐந்து தந்தி பேஸில் இன்னும் கீழே ஒரு பி தந்தி உண்டு, அது 31. இந்த எண்களைப் பார்த்தால் பேஸின் சமாசாரம் எல்லாம் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடிந்துவிடும் என்றுதான் தோன்றும்.

ஆனால் எந்தத் தந்தியும் முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்கு பங்குகளாகவும் அதிர்கிறது. ஈ தந்தியை மீட்டினால் 41 ஹெர்ட்ஸோடு கூடவே 82, 124, 165, 206 என்று ஒரு வரிசை கிளம்பி, ஆயிரம் இரண்டாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியும் போகிறது. முதலாவது அடிப்படைச் சுரம், மற்றவை மேற்சுரங்கள். வாசிப்பவர்கள் ஹார்மானிக்ஸ் என்பார்கள். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இதைத் தம்புராவில் கேட்டிருப்பார்கள். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி ஜீவா கூட்டுவார்கள். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்ததும் மந்தர சட்ஜத்திலிருந்து காந்தாரம் தானாகக் கேட்கும். அந்தக் காந்தாரத்தை யாரும் மீட்டவில்லை. அது வரிசையில் ஐந்தாவதாக வரும் மேற்சுரம்.

டோன் என்று நாம் சொல்வது இந்த வரிசையில் எது பலமாக, எது மெலிவாக இருக்கிறது என்பதைத்தான். இரண்டு பேர் ஒரே சுரத்தை வாசிக்கும்போது அடிப்படை இருவருக்கும் அதே 41 ஹெர்ட்ஸ். ஒருவருடையது உருண்டையாகவும் மற்றவருடையது கரகரப்பாகவும் கேட்பது மேலே இருக்கும் கலவையால்.

இதில் காதின் பங்கும் பெரிது. 82, 124, 165 என்று மேற்சுரங்கள் மட்டும் வந்து சேர்ந்தாலும், அவற்றுக்கு நடுவே 41 ஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதை வைத்து மூளை அதை 41 ஹெர்ட்ஸ் சுரமாகவே கேட்டுவிடுகிறது. உங்கள் போனில் இளையராஜாவின் எண்பதுகளின் பாடல் ஒன்றைப் போடுங்கள், ஹெட்போன் வேண்டாம். சசிதரன் வாசித்த பேஸ் வரிகளைக் கூடவே முணுமுணுக்க முடியும். போனின் ஸ்பீக்கரால் அந்த அடிப்படை அதிர்வுகளைத் தரவே முடியாது, இருந்தும் வரி முழுசாகக் காதில் ஓடுகிறது. அந்தப் பாடல்கள் வந்த காலத்தில் பாதிப் பேர் அவற்றை டிரான்சிஸ்டரிலும் டீக்கடை ரேடியோவிலும்தான் கேட்டார்கள். பேஸ் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ராக் மேடைகளின் அடையாளமாகவே ஆகிவிட்ட பேஸ் ஆம்ப், ஆம்பெக் நிறுவனம் 1969-ல் கொண்டுவந்த எஸ்விடி. 300 வாட்ஸ், கூடவே பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு வைத்த, ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் ஒலி சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிய ஆரம்பித்துவிடுகிறது. ஈ தந்தியின் அடிப்படையை அது முழுப் பலத்தோடு தருவதில்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க வாசிப்பவர்கள் அந்த ஒலியைத் தேடிப் போவது நடுப்பகுதியில் அது தரும் கனத்துக்காக. பேஸ் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் மேற்சுரங்கள் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவை 100-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை, மிட் என்று எழுதியிருக்கும் குமிழின் பக்கம் இருக்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் பெல் ஆய்வகத்தில் அளந்து காட்டியது இது: மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த அதிர்வுகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஆயிரம் ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் கேட்கும் அதே அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால் அதற்கு 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். ஒலி ஏற ஏற இந்த வித்தியாசம் குறைகிறது. ராத்திரி பக்கத்து வீட்டுக்குப் பயந்து ஆம்ப்பை மெல்ல வைத்து, காதுக்கு இதமாக இருக்கும்வரை பேஸைக் கூட்டி ஒரு செட்டிங் பிடிக்கிறோம் அல்லவா? அதையே மேடையில் சத்தமாக வைத்தால் பொங்கி வழியும். வீட்டு செட்டிங்கை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மூத்த வாசிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

விரல்

செலவே இல்லாமல் டோனை மாற்றக்கூடிய இடம் வலது கை. இங்கே நிறைய நேரம் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சோதனை செய்யுங்கள். ஈ தந்தியை எங்கும் அழுத்தாமல், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த பன்னிரண்டாவது கம்பிக்கு, நேர் மேலே சுண்டுங்கள். அது தந்தியின் சரிபாதி. பாதியில் சுண்டினால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது மேற்சுரங்கள் எழும்புவதில்லை. ஒலி உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி கேட்கும். அப்புறம் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைப் பக்கம், அதாவது பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோங்கள். கழுத்து முடியும் இடத்தில் உருண்டையாக இருக்கும், பிக்கப் மேலே சுண்டும்போது சுரத்துக்கு விளிம்பு வரும், பிரிட்ஜை ஒட்டினால் தந்தி விறைப்பாகி ஒலி மூக்கால் பேசும். ஆம்ப்பில் ஒரு குமிழைக்கூடத் தொடாமல் நான்கு டோன் கிடைத்துவிட்டது.

டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அறுபதுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தார். கிட்டார், ஃபெண்டர் நிறுவனத்தின் 1962-ம் வருஷத்து பிரிசிஷன் பேஸ். தந்தி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அவருடைய பேஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போய்ப் பதிவானது. அமெரிக்க ஜாஸ் வாசிப்பாளர் ஜாகோ பாஸ்டோரியஸ் எதிர்த்திசையில் போனார். ஃப்ரெட் எடுத்துவிட்ட ஃபெண்டர் ஜாஸ் பேஸ், பளபளக்கும் புதுத் தந்தி, பிரிட்ஜ் பக்கத்து பிக்கப், கையும் அங்கேயே. இருவருடைய பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். நம் பக்கத்தில் என்றால் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தது, மோகினி டே மேடையில் வாசிப்பது. கேட்கும்போது, இவருடைய கை இப்போது எந்த இடத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காது அப்படித்தான் பழகும்.

புதிதாக வாசிப்பவர்கள் கேட்கவில்லையே என்ற பதற்றத்தில் தந்தியை ஓங்கிச் சுண்டுவார்கள். அப்போது தந்தி ஃப்ரெட்டில் மோதி டக்கென்ற சத்தம் முதலில் வரும், சுரம் பின்னால் வரும், அதுவும் தொடக்கத்தில் சற்று ஏறிய சுருதியில். பாதி பலத்தில் சுண்டி, குறைந்ததை ஆம்ப்பில் கூட்டிக்கொள்ளுங்கள். சுரம் நீளமாக நிற்கும், விரலும் இரண்டு மணி நேரம் தாங்கும். இடது கை விரல் ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டியே இருக்க வேண்டும். வாசிக்காத தந்திகளை ஏதாவது ஒரு விரல் தொட்டு அடக்கியிருக்க வேண்டும். அடக்காத ஈ தந்தி எந்நேரமும் பின்னணியில் முனகிக்கொண்டே இருக்கும், அந்த முனகலைக் காலால் அழுத்தும் எந்த எஃபெக்ட் பெடலாலும் எடுக்க முடியாது.

தந்தியும் பிக்கப்பும்

பணம் செலவழிப்பதென்றால் முதலில் தந்திக்கு. கடையில் தொங்கும் பேஸில் இருப்பது மாதக்கணக்கில் பலபேர் கைபட்ட தந்தி. தந்தியின் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். சுற்றுக் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். வரிகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும், மேற்சுரம் நிறைய, புதிதில் பளபளவென்று கேட்கும். வியர்வையும் அழுக்கும் இடுக்கில் அடைய அடைய அந்தப் பளபளப்புப் போய்விடும். தட்டையான நாடா சுற்றியிருந்தால் ஃப்ளாட்வவுண்ட். கை வழுக்கிக்கொண்டு ஓடும், மேற்சுரம் குறைவு, பழைய பாடல்களின் உருண்டையான ஒலி வரும், வருஷக்கணக்கில் கெடாது, விலை மட்டும் அதிகம். எண்பதுகளின் பாடல்களை வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவில் இருப்பவருக்கு ஃப்ளாட்வவுண்டை மனதாரச் சிபாரிசு செய்வேன். கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் ஆசை இருந்தால் ரவுண்ட்வவுண்ட்தான். தடிமனைப் பொறுத்தவரை 45-லிருந்து 105 வரையிலான (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு) சாதாரண செட் போதும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியோடு சேர்த்துத் துடையுங்கள்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி அசைந்தால் காந்தப்புலம் மாறி, கம்பியில் சிறு மின்சாரம் பிறக்கிறது. பிக்கப் தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே இருக்கிறதோ அந்த இடத்தின் அசைவைத்தான் எடுக்கும். விரல் சுண்டும் இடத்துக்குச் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும். கழுத்துப் பக்கம் அடிப்படைச் சுரம் அதிகம், பிரிட்ஜ் பக்கம் மேற்சுரம் அதிகம்.

லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. நாம் இன்று பி பேஸ் என்று சொல்லும் வடிவம், அதாவது இரண்டு துண்டாகப் பிளந்த பிக்கப், 1957-ல் வந்தது. ஒரு துண்டு இரண்டு தந்திகளை எடுக்கும், இரண்டு துண்டும் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதன் பலம் நடுப்பகுதியில் இருக்கிறது, அதனால் கூட்டத்தில் தொலைந்துபோகாது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள், தனித்தனி வால்யூம். இரண்டையும் முழுக்கத் திறந்தால் நடுப்பகுதி கொஞ்சம் குழிந்து அழகாக இருக்கும். வீட்டில் அது இனிக்கும். குழுவோடு வாசிக்கும்போது ஒன்றைச் சற்றுக் குறைத்தால் நடுப்பகுதி திரும்பி வந்து சுரம் முன்னால் வரும். என்ன ஒன்று, குறைத்ததும் இரைச்சல் லேசாகத் தலைகாட்டும். இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 என்று பேஸின் இடத்திலேயே அந்த இரைச்சல் வந்து உட்காரும். ஆரம்ப விலை பேஸ்களில் பி பேஸின் பிக்கப் ஒன்று, ஜே எனப்படும் ஜாஸ் பேஸின் பிக்கப் ஒன்று என இரண்டும் வைத்து வருபவை நிறைய உண்டு. முதல் பேஸாக அது நல்ல தேர்வு.

பேட்டரி போடும் பேஸ், ஆக்டிவ். போடாதது, பாசிவ். 1976-ல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்ததிலிருந்து ஆக்டிவ் பேஸ் பரவலாயிற்று. பாசிவ் பேஸின் டோன் குமிழால் உயர் அதிர்வுகளைக் குறைக்க மட்டுமே முடியும். உள்ளே இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் அவற்றைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. ஆக்டிவ் பேஸில் ஒரு சிறிய ஆம்ப் இருப்பதால் கூட்டவும் முடியும். எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தொடங்குபவருக்குப் பாசிவ் போதும், கூட்டும் வசதி கையில் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிவிடத் தோன்றும். ஆக்டிவ் வாங்கினால் வாசித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஜாக் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். டோன் குமிழின் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்க ஆசை வந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போங்கள். 0.047 மைக்ரோஃபாரட் வழக்கமான அளவு. அதைவிடப் பெரியது போட்டால் குமிழைக் குறைக்கும்போது ஒலி இன்னும் இருளும். சில்லறைக் காசுதான், சால்டரிங் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் சரி.

செட்டப் பற்றிச் சுருக்கமாக. தந்தியின் உயரம், கழுத்தின் லேசான வளைவு, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது, இந்த மூன்றையும் ஒருமுறை தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். பெங்களூரில் மார்ச் மாதத்துக் காய்ந்த காற்றுக்கும் மழைக்காலத்து ஈரத்துக்கும் நடுவே மரக் கழுத்து நகரும். உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைத் திருத்தும் கம்பி) நீங்களே திருப்புவதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சரியாக செட்டப் செய்த இருபதாயிரம் ரூபாய் பேஸ், செட்டப் இல்லாத லட்ச ரூபாய் பேஸைவிட நன்றாகப் பேசும்.

ஆம்ப்பும் அறையும்

புது ஆம்ப்பில் எல்லாக் குமிழையும் நடுவில், அதாவது பன்னிரண்டு மணியில் வைத்துத் தொடங்குங்கள். பெரும்பாலானோர் செய்வது பேஸ் மேலே, ட்ரெபிள் மேலே, மிட் கீழே. தனியாக இருக்கும்போது அது அள்ளிக்கொண்டு போகும். ட்ரம்ஸும் கீபோர்டும் வந்ததும் கீழ்ப்பகுதியை காலால் அடிக்கும் கிக் ட்ரம் மூடிவிடும், மேல்பகுதியை சிம்பல் மூடிவிடும், நடுவில் உங்களுக்கென்று இருந்த ஒரே இடத்தை நீங்களே காலி செய்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று தோராயமாகத் தெரிந்தால் போதும். 40-லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை காதைவிட உடம்பில்தான் தெரியும். 80-லிருந்து 120 வரை கனம். 200, 300 பக்கம் அதிகமானால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும், கிட்டார், கீபோர்டு, ஆண் குரல் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. 500-லிருந்து 900 வரை பேஸ் பேசும் இடம், சுரம் எது என்று காது கண்டுபிடிப்பது இங்கே. 2000-க்கு மேல் விரல் படும் சத்தம், ஃப்ரெட் சத்தம். “கேக்கல” என்ற குரல் வந்ததும் முதலில் பேஸ் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள், பிறகு மிட்டைக் கூட்டுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். குழுவோடு அது சரியாக உட்காரும்.

அறையைக் கணக்கில் எடுக்காமல் பேஸ் பற்றிப் பேச முடியாது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 27 அடி நீளம். நம் வாடகை வீட்டு அறை பத்துக்குப் பத்து. பத்து அடி இடைவெளியில் இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்வு வரும். ஏ தந்தி 55. அதனால்தான் அந்த அறைகளில் ஏ சுரம் மட்டும் திடீரென்று பூதாகாரமாகக் கேட்கிறது. அதுவும் சுவர் ஓரத்தில்தான். அறையின் நடுவில் போய் நின்றால் அதே ஏ மெலிந்துவிடும். இதை பேஸின் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள் சிலர். ஆம்ப்பை மூலையிலிருந்து எடுங்கள், மூலை கீழ்ப்பகுதியை ஊதிப் பெருக்கும். ஒரு ஸ்டூலின் மேல் ஏற்றி, ஸ்பீக்கர் காதைப் பார்க்கும்படி வையுங்கள். முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆம்ப் காதுக்கு வாசிக்க ஆரம்பிக்கும், நீங்களும் தேவையில்லாமல் சத்தம் கூட்டமாட்டீர்கள். அபார்ட்மென்ட்டில் இரவில் பயிற்சி என்றால் ஹெட்போன்தான் நியாயம். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

வாட்ஸ் பற்றி. பவர் இரண்டு மடங்கானால் ஏறுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது சின்ன வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு பவர் வேண்டும். தாழ்ந்த ஒலிக்குக் காது மந்தம் என்று பார்த்தோம், அதனால் 15 வாட்ஸ் கிட்டார் ஆம்ப் நிரப்பும் அறையில் பேஸுக்குப் பல மடங்கு தேவைப்படும். வீட்டுக்கு 25 வாட்ஸ் தாராளம். ட்ரம்ஸோடு வாசிக்க 200, 300 வாட்ஸ் இருந்தால் நிம்மதி. ஆனால் ஜாம் ரூமில் ஆம்ப் இருக்கும், மேடையில் சவுண்ட் சர்வீஸ்காரர் வைத்திருப்பார். பெரிய ஆம்ப்பை வாங்கி மாடிப்படியில் ஏற்றி இறக்குவதை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பணத்தில் ஒரு டிஐ பாக்ஸ் வாங்குங்கள். பேஸிலிருந்து வரும் சிக்னல் மெலிந்தது. சாதாரண ஜாக் கேபிளில் நெடுந்தூரம் போனால் உயர் அதிர்வுகள் தேய்ந்து இரைச்சல் சேரும். டிஐ பாக்ஸ் அதை மைக் கேபிளில் போகக்கூடிய சிக்னலாக மாற்றி மிக்ஸருக்கு அனுப்புகிறது. திறந்தவெளி மேடையில் ஜனங்கள் கேட்பது இந்த வழியாக வரும் பேஸைத்தான். உங்கள் பின்னால் இருக்கும் ஆம்ப் உங்களுக்கு மட்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மேடையில் இரைச்சல் வந்தால் சிலர் ஆம்ப்பின் மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை விட்டுவிட்டு, இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவார்கள். இரைச்சல் நின்றுவிடும். ஆனால் ஆம்ப்புக்குள் ஏதாவது பழுது இருந்தால் உங்கள் விரலில் இருக்கும் தந்தியே கரண்ட் கம்பி ஆகிவிடும், பாட மைக்கில் உதடு பட்டால் உடம்பு வழியாகப் பாயும். உயிர் போகும் விஷயம் இது. எர்த் பின்னை ஒருபோதும் தொடாதீர்கள். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளின் தரை இணைப்பை மட்டும் துண்டிக்கும், மின்சார எர்த் அப்படியே இருக்கும். அதைத் தட்டிப் பாருங்கள். மேடையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் கொடுத்தாலே பாதி இரைச்சல் வராது. தந்தியையும் மைக்கையும் சேர்த்துத் தொடும்போது சுர்ரென்றால் வாசிப்பதை நிறுத்தி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெடல்களில் முதலில் சுருதி பார்க்கும் ட்யூனர். அடுத்து கம்ப்ரஸர். பலமாக விழும் அடியைக் குறைத்து, மெலிந்ததை மேலே கொண்டுவந்து சமப்படுத்தும். 4:1 விகிதத்தில், அதாவது வரம்பைத் தாண்டும் நான்கு டெசிபலை ஒன்றாகக் குறைக்கும் அளவில், தொடங்கலாம். விரல் சமமாக விழப் பழகும் முன் அதை வாங்கினால் விரல் பழகாது. மற்ற பெடல்களை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பேஸ் கேட்காத மேடைகள் உண்டு. அப்போது கூட வாசிப்பவர்களைக் கவனியுங்கள். பேஸ் இல்லாமலே நிகழ்ச்சி செய்து பழகிய கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸ் வரியைத் தானே வாசித்துக்கொண்டிருப்பார், இரண்டும் ஒரே இடத்தில் மோதும். ரிகர்சலிலேயே, “அண்ணா, லெஃப்ட் ஹேண்ட் கொஞ்சம் மேல வாசிங்களேன், கீழ நான் பாத்துக்கிறேன்” என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ட்ரம்ஸ் வாசிப்பவரிடம் கிக் எங்கே விழுகிறது என்று கேட்டு உங்கள் சுரத்தை அதோடு சேர்த்து வையுங்கள். அப்புறம் மிக்ஸரில் இருப்பவரிடம் போங்கள். பாட்டு மைக்குகளும் கிட்டாரும் தேவையில்லாமல் கீழ்ப்பகுதியைச் சேர்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான மிக்ஸர்களில் ஒவ்வொரு சேனலிலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் பொத்தான் இருக்கும். பேஸையும் கிக்கையும் விட்டுவிட்டு மற்ற எல்லாச் சேனலிலும் அதை அழுத்தச் சொல்லுங்கள்.